லிஸ்பனில் முடிந்த குளிர்காலப் பயணம்

மத்தியதரைக் கடலோர நாடுகளில் இன்று நவம்பர் முதல் மார்ச் வரை கூட்டம் குறைந்த காலம். விடுதிக் கட்டணம் இறங்கும். கடற்கரையோரக் கடைகள் பல அடைத்துக் கிடக்கும். நூறாண்டுக்கு முன்பு நிலைமை தலைகீழாக இருந்தது. பணம் படைத்தவர்கள் அங்கே போனது குளிர்காலத்தில். வெயில் ஏறத் தொடங்கியதும் விடுதிகளே கதவை மூடின. இந்த வழக்கம் புரளத் தொடங்கியிருந்த நேரத்தில், 1926 டிசம்பரில், பேராக் மாநிலத்தின் பத்து காஜாவுக்கு அருகே மாளிகை கட்டிக்கொண்டிருந்த வில்லியம் கெல்லி சுமித் என்ற தோட்டத் துரை போர்த்துகலின் லிஸ்பன் நகரில் நிமோனியாக் காய்ச்சலால் இறந்தார். லிஸ்பன் அட்லாண்டிக் பெருங்கடலோரம் இருப்பது. மத்தியதரைக் கடலை அது தொடுவதில்லை. ஆனால் அதன் மழையும் வெயிலும் மத்தியதரை நாடுகளுக்குரியவை.

அந்த நாடுகளின் வானிலையைத் தமிழ்நாட்டின் கணக்கிலோ மலாயாவின் கணக்கிலோ புரிந்துகொள்ள முடியாது. கோடையில் அட்லாண்டிக் கடலின் மேல் உள்ள உயர் அழுத்தப் பகுதி வடக்கே நகர்ந்து மழை மேகங்களைத் தடுத்துவிடுகிறது. குளிர்காலத்தில் அது தெற்கே இறங்க, புயல் மழை உள்ளே வருகிறது. லிஸ்பனில் ஜூலையில் மழை அநேகமாக இல்லை. அக்டோபர் முதல் மார்ச் வரையிலான மாதங்களில்தான் ஆண்டு மழையின் பெரும்பகுதி கொட்டும். பனி உறைவது அரிது. ஆனால் வெறும் பத்துப் பன்னிரண்டு பாகை வெப்பத்தில், ஈரக்காற்றோடு, கணப்பு சரியில்லாத கல்வீட்டில் தங்குவது உறைபனி நாட்டுக் குளிரைவிடக் கொடுமையாக இருக்கக்கூடும். ஆண்டு முழுவதும் வெப்பம் முப்பது பாகையை ஒட்டியே நிற்கும் பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் பல காலம் வாழ்ந்த உடம்புக்குச் சொல்லவே வேண்டாம்.

இத்தனைக்கும் ஐரோப்பிய மருத்துவர்கள் அந்தக் குளிர்காலத்தை மருந்தாகவே எழுதிக் கொடுத்தார்கள். லண்டனின் புகையும் மூடுபனியும் நுரையீரலைக் கெடுக்கும், தென்கடலோரக் காற்று அதை ஆற்றும் என்பது 18-ஆம் நூற்றாண்டிலிருந்து வேரூன்றிய நம்பிக்கை. எழுத்தாளர் டோபியாஸ் ஸ்மாலெட் 1763-இல் நீஸ் நகருக்குப் போய்த் தங்கியது உடல்நலத்துக்காகத்தான். 1859-இல் காசநோயோடு மாந்தோன் ஊருக்குச் சென்ற மருத்துவர் ஜேம்ஸ் ஹென்றி பென்னட், நலம் பெற்றதும் அந்த ஊரின் குளிர்காலத்தைப் புகழ்ந்து நூலே எழுதினார். 1864-இல் நீஸ் வரை ரயில் வந்தது. நோயாளிகளைத் தொடர்ந்து பிரபுக்களும், பிரபுக்களைத் தொடர்ந்து சூதாட்ட விடுதிகளும் வந்தன. விக்டோரியா அரசி 1895 முதல் 1899 வரை ஆண்டுதோறும் நீஸில் தங்கினார். கோடையில் அல்ல, குளிர் முடியும் இளவேனிலில். கோடைக்கால மத்தியதரை என்றால் அக்காலத்தவர் மனத்தில் எழுந்தவை மலேரியாவும் வெயில் நோயும்தான். தோல் கறுப்பது உழவனின் அடையாளம். சீமாட்டிகள் குடை பிடித்து அதைத் தவிர்த்தார்கள்.

மலாயாவின் வெள்ளைக்காரத் துரைமார்களுக்கு மத்தியதரைக் கடல் முதலில் ஒரு வழி மட்டுமே. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் பினாங்கிலிருந்து கொழும்பு, ஏடன், சூயஸ், போர்ட் சயித் என்று கப்பல் போயிற்று. நான்கைந்து ஆண்டு வேலைக்குப் பின் கிடைக்கும் நீண்ட விடுப்பில் துரை புறப்பட்டால், தோட்டத்தில் ‘துரை சீமைக்குப் போயிட்டாரு’ என்பார்கள். திரும்பி வரும்வரை சின்னதுரையும் கிராணியும் வைத்ததே சட்டம். புறப்பட ஏற்ற மாதம் எது என்பதில் கடல்களும் கரையும் ஒத்துவரவில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடல் கொந்தளிக்கும். அதே மாதங்களில் செங்கடலில் அனல் பறக்கும். வடகிழக்குப் பருவத்தில் அவை இரண்டும் அடங்கினாலும் போய்ச் சேரும் இங்கிலாந்து உறைந்து கிடக்கும். ஆகவே மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஊர் திரும்புவோரால் கப்பல்கள் நிரம்பின. பிஸ்கே விரிகுடாவின் அலைக்கு அஞ்சியவர்கள் மார்சேயில் இறங்கி ரயிலில் வடக்கே போனார்கள். தொழில் நிமித்தம் குளிர்காலத்தில் போனவர்கள் மட்டுமே அந்தக் கடலோரத்தின் செல்வர் கூட்டத்தோடு சேர முடிந்தது.

அதே காலத்தில் வங்காள விரிகுடாவைக் கடந்த தமிழர்களுக்குப் பருவம் பார்க்கும் வசதி இல்லை. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏறி ஒரு வாரக் கணக்கில் பினாங்கு வந்தார்கள். மேல்தளத்தில் படுக்கை, இறங்கியதும் ஜெர்ஜாக் தீவில் தொற்றுநோய்க் காப்பு. 1907-இல் தொடங்கிய குடியேற்ற நிதி, தோட்ட முதலாளிகளிடம் வரி பிரித்துக் கப்பல் செலவை ஏற்றது. கங்காணி ஊருக்குப் போய் ஆள் சேர்த்து வருவார். கித்தா (ரப்பர்) மரம் இலை உதிர்க்கும் ஆண்டின் முதல் மாதங்களில் பால் குறையும், வெட்டுக் கூலியும் சுருங்கும். தோட்டத் தொழிலாளிக்குத் தெரிந்த ‘பருவம் குறைந்த காலம்’ அதுதான். அவருக்கு அது ஊர் சுற்றும் காலம் அல்ல.

கெல்லி சுமித் 1870-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். 20 வயதில் மலாயா வந்து, நில அளவையாளர் சார்லஸ் அல்மா பேக்கரிடம் சேர்ந்து பேராக்கின் காடு திருத்தும் பணியில் பணம் பண்ணினார். அந்தப் பணத்தில் கிந்தாவில் நிலம் வாங்கிக் கித்தா நட்டார், ஈயத்திலும் இறங்கினார். தோட்டத்துக்குத் தம் சொந்த மண்ணின் நினைவாகக் கிந்தா கெல்லாஸ் என்று பெயர். ஈயத்தாலும் கித்தாவாலும் பத்து காஜா வட்டாரம் செழித்திருந்த காலம் அது. முதலில் கட்டிய வீடு போதாமல், மகன் பிறந்த 1915-ஐ ஒட்டிப் பெரிய மாளிகைக்கு அடித்தளம் போட்டார். கோப்பேங்குக்கும் பத்து காஜாவுக்கும் இடையே, ராயா ஆற்றின் அருகே மேட்டில் எழுந்த அந்தக் கட்டடத்தைத்தான் இன்று கெல்லி கோட்டை என்கிறார்கள். கோட்டைக்குரிய அகழியோ பீரங்கியோ அதற்கு இருந்ததில்லை. உயர்ந்த கோபுரமும் வளைவு வரிசையும் அந்தப் பெயரை வாங்கித் தந்துவிட்டன.

அதன் குதிரைலாட வளைவுகள் மூரிய பாணியைச் சேர்ந்தவை. ஸ்பெயினின் கோர்டோபாவில் முஸ்லிம் ஆட்சிக் காலத்தில் உச்சம் கண்ட வடிவம் அது. ஆனால் பேராக்குக்கு அது ஸ்பெயினிலிருந்து நேராக வரவில்லை. இந்தியாவைச் சுற்றிக்கொண்டு வந்தது. பிரிட்டிஷ் பொறியாளர்கள் முகலாய, மூரிய, ஐரோப்பிய வடிவங்களைக் கலந்து இந்தோ-சாரசெனிக் என்ற பாணியை உருவாக்கினார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபமும் 1892-இல் திறந்த உயர் நீதிமன்றமும் அதன் புகழ்பெற்ற எடுத்துக்காட்டுகள். 1910-இல் முடிந்த கோலாலம்பூர் ரயில் நிலையத்தையும் கோலகங்சாரின் உபுதியா பள்ளிவாசலையும் வடிவமைத்த ஆர்தர் பெனிசன் ஹப்பக் மலாயாவில் அதைப் பரப்பினார். கெல்லி சுமித் கைவினைஞர்களைச் சென்னையிலிருந்தே வரவழைத்தார். செங்கல்லும் சலவைக்கல்லும் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தன. பார்வையாளருக்கு ஸ்பானியக் கனவாகத் தெரியும் அந்தச் சுவர்களை எழுப்பிய கொத்தர்களுக்கு அது மெட்ராஸ் வேலை.

1918-இன் கடைசி மாதங்களில் இன்புளூயன்சா மலாயாவைப் பிடித்தது. அதற்கு ‘ஸ்பானியக் காய்ச்சல்’ என்று பெயர் வந்தது ஓர் அநீதி. போரில் கலக்காத ஸ்பெயினின் பத்திரிகைகள் மட்டும் தணிக்கையின்றி நோய்ச் செய்தியை வெளியிட்டதால் நோயே அந்த நாட்டின் பெயரில் ஒட்டிக்கொண்டது. கெல்லாஸ் தோட்டத்தில் தொழிலாளர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள், வேலை நின்றது. அம்மை, கொள்ளை நோய் எதுவென்றாலும் தமிழர் முறையிடுவது மாரியம்மனிடம். கோயில் இல்லாத மண்ணில் குடியேறியதே குற்றம் என்று கருதிய தொழிலாளர்கள் துரையிடம் கோயில் கேட்டார்கள். துரை இடமும் கொடுத்து உதவியும் செய்தார். மாளிகைக்குச் சிறிது தொலைவில் எழுந்த ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலின் மேற்புறத்தில், தெய்வ உருவங்களுக்கிடையே, வெள்ளைக்கார உடையில் நிற்கும் ஒரு சிலை உண்டு. அது கெல்லி சுமித் என்பது ஊர் வழக்கு. மாளிகையிலிருந்து கோயிலுக்குச் சுரங்கப்பாதை போகிறது என்ற கதையும் கூடவே வளர்ந்தது. சுரங்கக் கதையைவிட அந்தச் சிலைதான் வரலாற்றுக்குப் பயன்படும்: தோட்டத்து நன்றியும் அதிகாரமும் ஒரே சுதை உருவத்தில் கலந்திருப்பதை அதில் பார்க்கலாம்.

போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் கித்தா விலை சரிந்து, 1922-இல் உற்பத்திக் கட்டுப்பாடு வந்து, 1925-இல் விலை மீண்டும் ஏறியது. மாளிகை முடியாமலே நின்றது. மொட்டைமாடியில் விருந்து முற்றம், உள்ளரங்க டென்னிஸ் கூடம், மலாயாவின் முதல் மின்தூக்கி என்று திட்டங்கள் பெரியவை. அந்த மின்தூக்கிக்காகவே 1926-இல் அவர் மகள் ஹெலனோடு லிஸ்பன் போனார் என்பது பரவலாகச் சொல்லப்படும் காரணம். எதற்காகப் போயிருந்தாலும், அந்தக் காலக் கணக்கில் டிசம்பர் லிஸ்பன் பொருந்தாத இடமோ நேரமோ அல்ல. 1887 முதல் சூட் எக்ஸ்பிரஸ் ரயில் பாரிஸை லிஸ்பனோடு இணைத்திருந்தது. அருகிலிருந்த எஸ்தோரில் என்ற ஊர் குளிர்கால வாசத்தலமாக வளர்க்கப்பட்டு வந்தது. லிஸ்பனில் அவர் நிமோனியாவில் விழுந்தார். பென்சிலினை பிளெமிங் கண்டறிந்தது 1928-இல். அது மருந்தாக நோயாளிக்குப் போனது 1940-களில். இடையே 1938 வாக்கில் வந்த சல்பா மாத்திரையும் அவருக்குப் பன்னிரண்டு ஆண்டு தாமதம். 56 வயதில் இறந்த அவரை லிஸ்பனிலேயே அடக்கம் செய்தார்கள். மனைவி ஆக்னஸ் மலாயாவை விட்டு நீங்கினார். சொத்து ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்பீல்டு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. கூரையும் சாளரமும் முழுமை பெறாத மாளிகையைக் காடு மூடியது.

அவர் இறந்த ஆண்டுகளிலேயே மத்தியதரைப் பருவம் திரும்பிக்கொண்டிருந்தது. 1923-இல் அந்தீப் ஊரின் ஓத்தெல் து காப் விடுதி, வழக்கமாக மூடும் கோடையில், ஜெரால்டு மர்பி என்ற அமெரிக்கரின் குடும்பத்துக்காகத் திறந்து வைக்கப்பட்டது. அவர்களைச் சுற்றி ஓவியர்களும் எழுத்தாளர்களும் கூடினார்கள். வெயிலில் காய்ந்த மேனி அழகு என்றாயிற்று. சில ஆண்டுகளில் மற்ற விடுதிகளும் கோடையில் திறந்தன. 1936-இல் பிரான்சு தன் தொழிலாளர்களுக்கு இரண்டு வாரச் சம்பள விடுப்பைச் சட்டமாக்கியது. 1950-இல் லண்டனின் ஹொரைசன் நிறுவனம் கோர்சிகா தீவுக்கு விமானம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரே விலைக்கு விற்றது. ஜூலை, ஆகஸ்டு கூட்டம் பிறந்த வழி இது. பிரபுக்களின் குளிர்காலம் அப்படியே மலிவான காலமாயிற்று.

மலேசியக் குடும்பங்களுக்கு இந்தப் புரட்டில் ஒரு தற்செயல் லாபம் கிடைத்தது. பள்ளி நீண்ட விடுமுறை பல்லாண்டுகளாக நவம்பர், டிசம்பரில் வந்தது. மலேசியக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் நாடுகளில் 90 நாள் வரை விசா தேவையில்லை. ஆகவே ஈப்போவிலிருந்தோ பத்து காஜாவிலிருந்தோ பிள்ளைகளோடு ரோமுக்கும் லிஸ்பனுக்கும் போகிறவர்கள் பெரும்பாலும் மழைக்காலத்தில்தான் போய்ச் சேர்கிறார்கள். அருங்காட்சியகங்களில் வரிசை சிறிது, கட்டணம் குறைவு. பகல் ஐந்தரை மணிக்கெல்லாம் முடிந்துவிடும், தீவுகளுக்குப் படகுச் சேவை சுருங்கும், பழைய வீடுகளில் கணப்பு இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். கெல்லி கோட்டையோ சுத்தம் செய்யப்பட்டு நுழைவுச்சீட்டோடு ஆண்டு முழுவதும் திறந்திருக்கிறது. 1999-இல் வெளிவந்த ‘அன்னா அண்ட் தி கிங்’ ஆலிவுட் படத்தின் சில காட்சிகள் அங்கே எடுக்கப்பட்டன. அங்கே கூட்டத்தைத் தீர்மானிப்பது பள்ளி விடுமுறையும் பொது விடுமுறையும்தான். மின்தூக்கிக்காக விட்ட செங்குத்துக் கூடு இன்னும் வெறுமையாக இருப்பதை எந்த மாதத்திலும் பார்க்கலாம்.