கிளாட் தேர்வு: லாஜிக்கல் ரீசனிங்கில் மதிப்பெண்ணைக் கூட்டுவது எப்படி?

தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர எழுதும் கிளாட் இளநிலைத் தேர்வில் 120 கேள்விகள். நேரமும் 120 நிமிடங்கள்தான். இதில் 22 முதல் 26 கேள்விகள், அதாவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, லாஜிக்கல் ரீசனிங். 'இதெல்லாம் பிறவியிலேயே வரணும்' என்று விட்டுவிட வேண்டாம். பயிற்சியால் தேறக்கூடிய பகுதி இது.

என்ன கேட்கிறார்கள்?

2020 முதல் கேள்விகள் பத்தியை ஒட்டியே வருகின்றன. சுமார் 450 சொற்கள் வரையிலான ஒரு பத்தி, அதன் கீழே சில கேள்விகள். ரத்த உறவுப் புதிர்களை மட்டும் போட்டுப் பார்த்தால் போதாது.

பத்தியை எப்படிப் படிப்பது?

முதலில் முடிவைத் தேடுங்கள்: எழுதியவர் நம்மை எதை நம்பச் சொல்கிறார்? அடுத்து, அதற்கு அவர் தரும் காரணம் என்ன? இரண்டுக்கும் நடுவே சொல்லாமல் விட்டதுதான் அனுமானம்.

உதாரணம்: 'ஹெல்மெட் கட்டாயமான பிறகு விபத்து மரணங்கள் குறைந்தன. எனவே அந்த விதிதான் காரணம்.' மரணங்களைக் குறைக்கக்கூடிய வேறு எதுவும் அப்போது நடக்கவில்லை என்பது இங்கே அனுமானம். அதை எதிர்மறையாக்கிப் பாருங்க. அதே சமயம் சாலையும் சீரமைக்கப்பட்டிருந்தால்? வாதம் ஆட்டம் காணுது. அப்படியென்றால் சரியான அனுமானத்தைப் பிடித்துவிட்டீர்கள்.

எங்கே சறுக்குகிறது?

'மழை பெய்தால் ஆட்டம் ரத்து' என்றால், ஆட்டம் ரத்தானதாலேயே மழை பெய்தது என்று சொல்ல முடியாது. ஆட்டம் ரத்தாகவில்லை என்றால் மழை பெய்யவில்லை என்று சொல்லலாம். அதேபோல, பத்தி 'சில' என்று சொல்லும்போது விடை 'எல்லா' என்றால் உஷாராகுங்க.

தெரியாத கேள்வியை விட்டுடலாமா?

சரியான விடைக்கு 1 மதிப்பெண், தவறுக்கு 0.25 குறையும். நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தேர்ந்தால் சராசரியாகக் கிடைப்பது 0.06 மதிப்பெண். ஒரு விடையை உறுதியாக நீக்கினால் 0.17, இரண்டை நீக்கினால் 0.38. ஆக, இரண்டை நீக்க முடிந்தால் துணிந்து குறிக்கலாம். எதையும் நீக்க முடியலையா? நேரத்தை வீணாக்காமல் நகருங்கள்.

பயிற்சி எப்படி?

தேர்வு ஆங்கிலத்தில் என்பதால், தினமும் ஒரு ஆங்கிலத் தலையங்கத்தில் முடிவு, காரணம், அனுமானம் மூன்றையும் எழுதிப் பாருங்கள். மாதிரித் தேர்வில் தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் காரணத்தைக் குறியுங்கள்: பத்தி புரியலையா, முடிவைத் தவறவிட்டோமா, அவசரமா? எந்தக் காரணம் அதிகமாக வருதோ, அடுத்த வாரப் பயிற்சியை அதிலிருந்து தொடங்குங்கள்.