சாத்தூர் சேவும் தேடுசொற்களும்

மக்கள் எந்தச் சொல்லைத் தேடுகிறார்கள் என்று பார்த்து எழுதும் வழக்கம் விளம்பரத்தில் இருந்து வந்ததாகும். 1998ல் அமெரிக்காவில் பில் கிராஸ் தொடங்கிய கோட்டூ (பின்னாளில் ஓவர்சூர்) என்ற தேடுபொறி, விளம்பரதாரர்களுக்குச் சொற்களை ஏலம் விட்டது. ஏலம் கேட்பவருக்கு எந்தச் சொல்லுக்கு எத்தனை தேடல் என்று தெரிய வேண்டுமல்லவா? அதற்காகவே சொல் பரிந்துரைக்கும் கருவி வந்தது. 2006 மே மாதம் கூகுள் டிரெண்ட்ஸ் வந்தது.

ஆனால் சாத்தூரில் சேவு விற்பவருக்கு இதில் ஒரு சிக்கல். ஆங்கிலத்தில் ரயில்வே எழுதும் ஊர்ப்பெயரில் ஒரு 'டி'தான். சட்டமன்றத் தொகுதிக்கு இரண்டு 'டி'. பலர் 'டிஹெச்' போடுவர். தமிழில் தேடுவோர் தனிக்கூட்டம். ஒரே சேவைத் தேடுபவர்கள் இப்படி நாலாகப் பிரிந்தால் ஒவ்வொரு எண்ணிக்கையும் சிறியதாகத் தெரியும். தேடல் மிகக் குறைவென்றால் டிரெண்ட்ஸ் வரைபடமே காட்டாது. வாங்க ஆளில்லை என்று அதற்குப் பொருளல்ல!

2013ல் வெவ்வேறு எழுத்துக்கூட்டல்களை ஒரே தலைப்பாகச் சேர்த்து எண்ணும் வசதியைக் கூகுள் தந்தது. பேர்பெற்ற பெயர்களுக்கு அது உதவும். 2020 ஜூனில் தமிழக அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணை வெளியிட்டு, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. சேவுக் கடைக்காரர் இன்றும் எல்லா எழுத்துக்கூட்டலையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.