சந்தேஷ் இதழும் நம் மாணவர் மலரும்

வங்கத்தார் 'சந்தேஷ்' என்னும் ஒரே சொல்லால் பாலைத் திரித்துச் செய்யும் இனிப்பையும் குறிப்பர், செய்தியையும் குறிப்பர். கல்கத்தாவில் குடியேறிய நம் குடும்பங்களில் அவ்வினிப்பைச் சுவைத்தறியாத பிள்ளை இல்லை. அப்பெயரில் 1913ஆம் ஆண்டு தோன்றிய சிறுவர் இதழின் வரலாற்றை அறிந்தோர் நம்முள் சிலரே.

இதழை நிறுவிய உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி எழுத்தாளர், ஓவியர், இசைவாணர். யாவற்றினும் மேலாக அச்சுக்கலை வல்லுநர். சிறுவர்க்கென எழுதிய இராமாயண நூலின் படங்கள் மரக்கட்டை அச்சில் உருக்குலைந்தமை கண்டு அவர் வருந்தினார். வருந்தியதோடு நில்லாது, இங்கிலாந்திலிருந்து கருவிகளை வரவழைத்துத் தாமே பயின்று, 1895இல் பிளாக் செய்யும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். ஒளியையும் நிழலையும் சிறியவும் பெரியவுமான புள்ளிகளாகப் பிரித்து அச்சிடும் ஹாஃப்டோன் முறை பற்றிய அவருடைய ஆய்வுகள் இங்கிலாந்தின் பென்ரோஸ் ஆண்டுமலரில் வெளிவந்தன. பிள்ளைகள் காணும் படத்திற்கு இத்துணை உழைப்பா எனச் சிலர் வினவலாம். மங்கிய படத்தைப் பெரியோர் பொறுத்துக்கொள்வர், பிள்ளைகள் பொறுப்பதில்லை.

1915இல் அவர் மறைந்தார். இங்கிலாந்தில் அச்சுக்கலை பயின்று திரும்பியிருந்த மைந்தர் சுகுமார் ராய் இதழை ஏற்றார். வேடிக்கைப் பாட்டும் விசித்திர விலங்குமாக அதை நிறைத்தார். 1923இல், முப்பத்தைந்தாம் வயதில், காலா அசார் என்னும் கொடுங்காய்ச்சல் அவரைக் கொண்டுபோயிற்று. பின்னர் நிறுவனம் நொடித்தது, இதழும் நின்றது.

தந்தை மறைந்தபோது மூன்று வயதும் நிரம்பாதிருந்த சத்யஜித் ராய், கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயுடன் சேர்ந்து 1961இல் இதழை உயிர்ப்பித்தார். அவரைத் திரைப்பட இயக்குநராகவே நாம் அறிவோம். அதற்கு முன்பே அவர் சாந்திநிகேதனில் ஓவியம் பயின்று, விளம்பர நிறுவனத்தில் பணியாற்றி, நூல்களுக்கு மேலட்டை வரைந்து பெயர் பெற்றவர். 'சந்தேஷ்' முகப்பையும் அவரே வரைந்தார். பெயரின் எழுத்துகளே அவர் தூரிகையில் வெவ்வேறு உருக்கொண்டு விளையாடின. 1965இல் அவ்விதழில் துப்பறியும் ஃபெலூதா தோன்றியபோது, கதையைச் சொல்பவனாக அவர் வைத்தது பதின்மூன்று வயதுச் சிறுவனை. மீசை அரும்பும் பருவத்தாரைக் குழந்தையாகக் கருதிக் கொஞ்சவும் இல்லை. மேடையேறி உபதேசிக்கவும் இல்லை.

இவற்றையெல்லாம் நாம் தேடிப் படித்தது காலங்கடந்த பின்னரே. சில ஆண்டுகளுக்கு முன், நம் பிள்ளைகள் பயிலும் பள்ளியொன்றின் மாணவர் மலருக்கு அமைந்த குழுவில் நாமும் இருந்தோம். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி மழையில் நனையும் தெருவொன்றை வரைந்து தந்தாள். கோப்புகளில் குறிப்பெழுதிப் பழகிய கைகளுக்கு எதுவும் முறைப்படி அமையவேண்டும் என்னும் நோய் உண்டு. படத்தை நீக்கிக் குத்துவிளக்கையும் தலைவர், செயலர் புகைப்படங்களையும் அட்டையில் இட்டோம். மலரின் தமிழ்ப் பக்கங்களைப் பிள்ளைகள் புரட்டவே இல்லை. கட்டுகள் அலமாரியில் கிடந்தன. அம்மாணவி அதற்குப்பின் நமக்கு எதுவும் வரைந்து தரவில்லை. கேட்கும் துணிவும் நமக்கு வரவில்லை.

இவ்வாண்டு மேலட்டையை ஒன்பதாம் வகுப்பாரிடமே விட்டுள்ளோம். 'தமிழ்' என்னும் சொல்லின் ழகரத்தை நீட்டி வளைத்து டிராம் வண்டியாக்கியிருக்கின்றனர். முன்சக்கரம் சற்றுக் கோணல். திருத்தலாமா என ஒருவர் கேட்டார். வேண்டா என்று குழு முடிவு செய்தது.