முறுக்கும் வலிமையும்

நெசவைக் குலத்தொழிலாகக் கொண்டொழுகிய நம்மவர்க்கு நூல்முறுக்கைப்பற்றி எடுத்துரைத்தல் கொல்லன் தெருவில் ஊசி விற்பதை யொக்கும். ஆயினும், சென்னை கே.கே. நகர் முதலிய இடங்களிற் குடியேறிய நம் குடும்பங்களில் தறியோசை கேளாது வளரும் இளைஞர் பொருட்டு அதன் வரலாற்றைச் சுருங்கக் கூறுவாம்.

பஞ்சிழை ஏறக்குறைய ஓரங்குல நீளமே யுடையது. முறுக்கேறினாலன்றி அவ்விழைகள் ஒன்றையொன்று பற்றா; இழுத்த மாத்திரத்தில் பிரிந்துபோம். ஆகலின் பருத்திநூலுக்கு முறுக்கே உயிர். எனினும் அளவு கடந்து முறுக்கின், இழைகள் மிகச் சாய்ந்து நூல் வலி குன்றும்.

பட்டின் இயல்பு வேறு. ஒரு கூட்டினின்று எடுக்கும் இழை பல நூறு மீட்டர் நீளமுடையது. அதற்கு முறுக்கு வேண்டுவது, இழைகள் சிதறாது ஒருங்கு நின்று விழுதிலும் அச்சிலும் உராய்தலைத் தாங்குதற்பொருட்டே. அதனாலன்றோ காஞ்சிபுரத்துப் பாவுப்பட்டை முதலில் ஒரு பக்கமாக முறுக்கி, பின்பு இரண்டு மூன்று புரிகளைச் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்குவர். ஊடைக்குச் சிறு முறுக்கே போதுமென விடுவர்!

கை அறிந்த இவ்வுண்மையைக் கணக்கும் பின்னர் அறிந்தது. 1907-ஆம் ஆண்டில் கெகோஃப் என்பார், இழை சாயுங் கோணம் மிகுமளவிற்கு நூலின் விறைப்புக் குறையுமென்று கணித்தார். அக்கணக்கின்படி 7 பாகைச் சாய்வில் 100-க்கு 98 பங்கு விறைப்பு நிற்கும். 30 பாகையிலோ 75 பங்கே எஞ்சும்.

1965-இல் அமெரிக்காவின் டுபாண்ட் ஆய்வகத்தில் ஸ்டெஃபானி குவோலெக் அம்மையார் செய்த ஆய்வினின்று, குண்டு துளையாக் கவசத்துக்குதவும் கெவ்லார் தோன்றிற்று. அஃதும் பட்டேபோல் நெடிய இழை. 2000-ஆம் ஆண்டில் ராவ், ஃபாரிஸ் என்னும் இருவர் கெவ்லார் முதலிய வல்லிழைகளைச் சோதித்து, புறத்திழை ஏறக்குறைய 7 பாகை சாயுமளவும் முறுக்க வலிமை ஏறுவதையும், அப்பால் இறங்குவதையும் கண்டனர். காரணம் யாதெனில், சிறு முறுக்கில் ஓரிழை அறினும் அண்டையிழைகள் அதனை இறுகப் பற்றிச் சுமையைப் பகிர்ந்துகொள்ளும்; பெருமுறுக்கிலோ இழைகள் சாய்ந்து நெருக்குண்டு நலியும்.

இற்றை வல்லிழையும் பண்டைப் பட்டும் ஒரே விதிக்கு உட்பட்டன என்பது இதனால் விளங்கும். 1944-இல் தோன்றிய கிண்டி அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் நெசவியலும் கற்பிக்கப்படுகின்றது. ஆங்குப் பயில விழையும் நம் இளைஞர், எவ்வகைச் சேலைக்கு எத்துணை முறுக்கென்பதைத் தத்தம் இல்லத்து முதியோரிடம் முதற்கண் கேட்டெழுதி வைப்பாராக. கல்லூரி நூல்கள் என்றும் கிடைக்கும். முதியோர் கைப்பக்குவம் அவரோடு மறைந்தால் மீளாது.