விதைப்பயறும் வண்டும்



மன்னர்களின் படையெடுப்புகளை ஆண்டு பிறழாது மனனஞ்செய்யும் நாம், சிறு கமக்காரன் ஒருவன் அடுத்த போகத்துக்குரிய விதைப்பயற்றை வண்டுக்கு இரையாகாது எவ்வாறு காத்தான் என்பதை விசாரிப்பதில்லை. விதை அழிந்தால் விதைப்பில்லை. விதைப்பில்லையேல் அடுப்பில் உலையில்லை. ஆதலின் இதுவும் வரலாற்றின் ஒரு பகுதியே.

பயறு, உழுந்து, துவரை முதலியவற்றுக்குக் களஞ்சியத்திலே பெரும்பகையாய் விளங்குவது பயற்று வண்டு. அதனைத் தடுக்க எம் முன்னோர் கையாண்ட முறைகள் பல. நன்கு வெயிலிற் காய்ந்த விதையை மட்பானையிலிட்டு, சலித்த சாம்பலைக் கலந்து, வாயை இறுக மூடிவைத்தனர். உலர்ந்த வேப்பிலையை இடையிடையே பரப்பினர். ஆமணக்கெண்ணெயை விதையிற் பிசறிவைத்தனர். தமிழ்நாட்டிலே துவரையைச் செம்மண் குழம்பிற் பிசறி உலர்த்தி, உடைத்துப் பருப்பாக்கி வைக்கும் வழக்கம் இன்றும் உண்டு. இவ்வேலைகளுட் பெரும்பாலானவை பெண்களின் கையிலேயே இருந்தன.

இவற்றின் காரணத்தைப் பிற்கால ஆராய்ச்சி விளக்கியது. சாம்பல் விதைகளுக்கிடையேயுள்ள இடைவெளியை நிரப்பி வண்டின் நடமாட்டத்தைத் தடுக்கிறது. அதன் உடலின்மேலுள்ள மெழுகுப்படையை உராய்ந்து, ஈரம் வற்றி மடியச் செய்கிறது. எண்ணெய் முட்டையை மூடிக் காற்றோட்டத்தை அடைக்கிறது. வேம்பின் விதையிலிருந்து அசாடிராக்ரின் என்னும் பொருளை இங்கிலாந்து ஆய்வாளர் 1968 இல் பிரித்தெடுத்தனர். பூச்சியின் உண்ணும் விருப்பையும் வளர்ச்சியையும் அது குன்றச் செய்யும்.

ஆயின், இத்துணை அறிந்த கமக்காரனிடம் ‘வண்டு எங்கிருந்து வந்தது?’ என்று வினவினால், ‘பயறு உளுத்தால் வண்டு தானே உண்டாகும்’ என விடை கூறுவோர் பலர். இதனைக் கேட்டு நகைப்பவர்கள் ஐரோப்பிய அறிஞரின் கதையையுங் கேட்டல் வேண்டும். அழுகும் பொருளிலிருந்து பூச்சிகள் தாமே தோன்றும் என்றே அரிஸ்டோட்டில் காலந்தொட்டுப் பேரறிஞரும் நம்பினர். இத்தாலி நாட்டுப் பிரான்செஸ்கோ ரெடி 1668 இல் இறைச்சியைச் சில பாத்திரங்களில் மூடியும் சிலவற்றில் திறந்தும் வைத்துச் சோதித்து, ஈ அணுகாத இறைச்சியிற் புழு தோன்றாதெனக் காட்டினார். அவரே மரக்கரணைகளினுள் வாழும் பூச்சிகளை மரமே பிறப்பிக்கின்றது என எண்ணினார்! கண்ணுக்குத் தோன்றாத முட்டை, ஆய்வுக்கூடத்து அறிஞரையும் ஏமாற்றியது.

வண்டின் இரகசியப் பயணத்துக்கு இன்னொரு சான்று உண்டு. சுவீடன் தேசத்துத் தாவரவியலறிஞர் பேர் கால்ம், வட அமெரிக்காவிலிருந்து 1751 இல் நாடு திரும்பியபோது பட்டாணி விதைகள் சிலவற்றைக் கொண்டுசென்றார். பொதியை விரித்ததும் வண்டுகள் வெளிப்படக் கண்டு, அவை தம் நாட்டிற் பரவிவிடுமோ என்றஞ்சி உடனே மூடிவிட்டார். பென்சில்வேனியாவிற் பட்டாணிச் செய்கையையே பலர் கைவிடும்படி செய்த பூச்சி அது.

பயற்று வண்டின் வாழ்க்கையும் இத்தகையதே. அறுவடைக்கு முன்னரே, வயலில் நிற்கும் முதிர்ந்த நெற்றின்மீது அது முட்டையிடக்கூடும். பொரித்த புழு நேரே விதையைத் துளைத்து உட்புகும். ஏறத்தாழ ஒரு மாதத்தில் வண்டாகி வட்டத் துளையிட்டு வெளிவரும். ஆகவே பானையில் இடும்போது மாசற்றதாய்த் தோன்றும் விதையினுள்ளும் பகை ஒளிந்திருத்தல் கூடும். விதையினுள்ளே புகுந்துவிட்ட புழுவைச் சாம்பல் தீண்டமாட்டாது. பழைய முறை சிலவேளை பொய்த்தமைக்கு இதுவே காரணம். அறுவடை செய்தவுடன் தாமதியாது கடுவெயிலிற் காயவைத்து, அதன்பின் சாம்பலிடுவோர் இரு பயனையும் பெறுவர்.

வயலிலே நிகழ்ந்த கதையும் சிந்திக்கத்தக்கது. தக்காணத்திலே துவரைக்குக் காய்ப்புழு கொடிய பகை. பருத்த புழு கண்ணுக்குத் தெரிவதாதலின், உழவர் செடியை உலுக்கிப் புழுக்களை வீழ்த்தி அழித்தனர். எம்மவர் இறுங்கு எனக் கூறும் சோளத்தைத் துவரையுடன் ஊடுபயிராக்கினர். கதிரில் வந்தமர்ந்த பறவைகள் புழுக்களையும் உண்டன. பின்னர் இரசாயன மருந்துகள் வந்தன. உலுக்கும் வழக்கம் அருகியது. 1987 இல் ஆந்திராவிலே அப்புழு மருந்துக்கு மடியாத வலிமை பெற்றுவிட்டமை வெளிப்பட்டது. 1990களின் இறுதியில், 1972 இல் ஐதராபாத்துக்கு அருகே நிறுவப்பெற்ற சர்வதேச ஆராய்ச்சி நிலையத்தினர் பழைய உலுக்கும் முறையை ஆராய்ந்து, அதன் பயனைக் கண்டு, உழவரிடையே மீண்டும் பரப்பினர். நிலத்தில் விரித்த தாளில் விழுந்த புழுக்கள் கோழிக்கு இரையாயின.

எமது நாட்டிலோ, 2021 இல் இரசாயன உரமும் பூச்சிமருந்தும் சடுதியாகத் தடைசெய்யப்பட்டன. மாற்றுவழி கற்பிக்கப்படாத நிலையில் கமக்காரர் தத்தளித்தனர். அவ்வாண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது. மருந்தொன்றையே நம்புதலும், ஆயத்தமின்றி அதனைக் கைவிடுதலும் ஒரே பிழையின் இரு முகங்கள். கமக்காரன் எதனை அறிவான், எதனை அறியான் என்று இரு சாராரும் அவனிடம் கேட்கவில்லை.

கண்டறியக்கூடியதை உழவன் நன்கறிவான். காணாத முட்டையையும் இரவில் உலாவும் அந்துப்பூச்சியையும் அவனுக்குக் காட்டுதல் கற்றோர் கடன். இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. கிராமப் பாடசாலைகளிலே ஒரு பிடி பயற்றைக் கண்ணாடிப் போத்தலில் இட்டு, வாயைத் துணியாற் கட்டி, மாணவரை ஒரு மாதம் நோக்கச் செய்யுங்கள். விதையின்மேல் ஒட்டிய வெண்புள்ளியையும், பின்னர் வெளிவரும் வண்டையும் கண்ட பிள்ளை, அதனை வீட்டிற் சொல்லும். அன்று அம்மாவின் சாம்பற்பானையும் ஆசிரியரின் பாடமும் ஒன்றுசேரும்.