இணைப்புக்கும் வேண்டும் ஒரு பாடம்

பத்து பொதுத் துறை வங்கிகளை நான்காக இணைக்கும் முடிவை 2019 ஆகஸ்ட் 30-ஆம் தேதி மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். எந்த வங்கியை எதனுடன் சேர்ப்பது என்பதற்கு அன்று முன்வைக்கப்பட்ட காரணங்களில், பொதுமக்கள் அதிகம் கவனிக்காத ஒன்றும் இருந்தது. இணையவிருந்த வங்கிகள் ஏற்கெனவே ஒரே கோர் பேங்கிங் மென்பொருளைப் பயன்படுத்தி வந்தன என்பதே அது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியும், கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட அலாகாபாத் வங்கியும் டிசிஎஸ் நிறுவனத்தின் 'பான்க்ஸ்' மென்பொருளில் இயங்கின. பஞ்சாப் நேஷனல் வங்கியும் அதனுடன் சேர்ந்த இரண்டு வங்கிகளும் இன்ஃபோசிஸின் 'ஃபினாக்கிள்' மென்பொருளில் இயங்கின. நூறாண்டு கடந்த வங்கிகளுக்கு இடையே பொருத்தம் பார்த்தபோது, ஜாதகக் கட்டத்தில் மென்பொருளும் ஓர் இடத்தைப் பிடித்திருந்தது.

அந்தப் பொருத்தம் இருந்தும் வேலை எளிதாக முடிந்துவிடவில்லை. 2020 ஏப்ரல் 1-ஆம் தேதி வங்கிகள் சட்டப்படி ஒன்றாகிவிட்டன. அவற்றின் கணினிகள் ஒன்றாவதற்கு மேலும் பல மாதங்கள் பிடித்தன. ஒரே மென்பொருள் என்றாலும், ஒவ்வொரு வங்கியும் கிளைகளுக்கும் வைப்புத் திட்டங்களுக்கும் கடன் வகைகளுக்கும் தனக்கே உரிய குறியீடுகளை வைத்திருக்கும். 11 எழுத்துகள் கொண்ட ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் முதல் நான்கு எழுத்துகள் வங்கியைக் குறிப்பவை. வங்கியே மறைந்துவிட்டால் அந்த நான்கு எழுத்துகளும் மாறியாக வேண்டும். ஓய்வூதியம் பெறுபவரின் பதிவிலும், எரிவாயு மானியம் பெறுபவரின் பதிவிலும், ஊதியம் வழங்கும் நிறுவனத்தின் கணினியிலும், காசோலைத் தாளிலும் அவை எழுதப்பட்டிருந்தன. ஓரிடத்தில் மாற்றினால் எத்தனை இடங்களில் மாற்ற வேண்டியிருக்கிறது என்பதை லட்சக்கணக்கான வாடிக்கையாளர்கள் நேரடியாக அறிந்துகொண்ட தருணம் அது.

இத்தகைய பணியைத்தான் தகவல் தொழில்நுட்பத் துறையினர் நிறுவன அமைப்புகளின் ஒருங்கிணைப்பு என்கிறார்கள். தனித்தனியாக, வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு நபர்களால் உருவாக்கப்பட்ட கணினி அமைப்புகளை ஒன்றோடொன்று பேச வைப்பது ஒருங்கிணைப்பு. எந்தத் தகவலுக்கு எந்தத் துறை பொறுப்பு, அது எந்த வழியாகப் பயணிக்க வேண்டும், ஓர் அமைப்பு படுத்துவிட்டால் மற்றவை என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானிப்பது கட்டமைப்பு. வங்கி, ரயில்வே, மருத்துவமனை, ஆலை, அரசுத் துறை என எங்கு சென்றாலும் கணினிப் பணியின் பெரும்பகுதி இதுவாகவே இருக்கிறது.

நமது பொறியியல் கல்லூரிகளில் ஒரு மாணவர் நான்காண்டுகள் கற்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. நிரல் மொழி, தரவுத்தளம், வலையமைப்பு, இயங்குதளம் எனத் தனித்தனிப் பாடங்கள்; இறுதியாண்டில் ஒரு திட்டப் பணி. அந்தத் திட்டப் பணியில் நூலக மேலாண்மை, வருகைப் பதிவு, மருத்துவமனை முன்பதிவு என்று எதை எடுத்துக்கொண்டாலும், அது வெறும் தரையில் எழுப்பப்படும் புதிய வீடாகவே இருக்கும். பக்கத்து வீட்டுச் சுவர் கிடையாது. பழைய குழாய் கிடையாது. குடியிருப்பவர் எவரும் இல்லை. தேர்வாளர் பார்த்து மதிப்பெண் வழங்கியதும் அந்த வீடு பூட்டப்பட்டுவிடும். பணியில் சேர்ந்த முதல் நாளிலோ, இருபது ஆண்டுகளாக ஆள் குடியிருக்கும் வீட்டில், ஆளைக் கிளப்பாமல் ஓர் அறையை இடித்துக் கட்டச் சொல்கிறார்கள்.

இந்தப் பாடத்தின் தொடக்கம் ஓர் எளிய கணக்கு. ஒரு நிறுவனத்தில் 10 அமைப்புகள் இருந்து, ஒவ்வொன்றையும் மற்ற ஒவ்வொன்றோடும் நேரடியாக இணைத்தால் 45 இணைப்புகள் வேண்டும். அமைப்புகள் 20 ஆனால் இணைப்புகள் 190. அமைப்புகள் இரு மடங்கானபோது இணைப்புகள் நான்கு மடங்கைத் தாண்டிவிட்டன. நடுவில் ஒரு பொது அஞ்சலகம்போல ஒன்றை வைத்து, எல்லா அமைப்புகளும் அதனிடமே செய்தியைக் கொடுத்து அதனிடமிருந்தே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இதனால் பிறந்ததுதான். கிரெகர் ஹோப், பாபி உல்ஃப் இருவரும் 2003-இல் வெளியிட்ட நூல், இவ்வாறு செய்தி பரிமாறும் முறைகளில் 65 வகைகளைப் பெயரிட்டுத் தொகுத்துத் தந்தது. அதில் பேசப்படும் சிக்கல்கள் இன்றும் பழையனவாகிவிடவில்லை.

ஆனால், முறைகளின் பெயர்களை மனப்பாடம் செய்வதால் இந்தப் பாடம் விளங்காது. தோற்ற கதைகளைப் படித்தால்தான் விளங்கும். பிரிட்டனின் டிஎஸ்பி வங்கியின் கதையை எந்தக் கல்லூரியும் ஒரு வாரம் முழுக்க நடத்தலாம். லாயிட்ஸ் குழுமத்திலிருந்து பிரிந்த அந்த வங்கி, பிரிந்த பிறகும் லாயிட்ஸின் கணினி அமைப்பையே கட்டணம் செலுத்திப் பயன்படுத்தி வந்தது. அதை விலைக்கு வாங்கிய ஸ்பெயினின் சபாடெல் வங்கி, தனது அமைப்பை ஒட்டி உருவாக்கிய புதிய தளத்துக்கு 52 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகளை 2018 ஏப்ரல் மாதத்தின் ஒரே வார இறுதியில் மாற்றியது. தரவு பத்திரமாகவே போய்ச் சேர்ந்தது. ஒரு கணக்கும் தொலையவில்லை. ஆனால், கதவைத் திறந்ததும் தளம் சரிந்தது. இணையவழிச் சேவையும் கிளைகளும் தொலைபேசி வங்கியும் ஒருசேரத் தடுமாறின. நிலைமை முழுமையாகச் சீரடைய அந்த ஆண்டின் டிசம்பர் மாதம் ஆகிவிட்டது. இடையில் தலைமைச் செயல் அதிகாரி பதவி விலகினார். வாடிக்கையாளர்களுக்கு 3.27 கோடி பவுண்டு இழப்பீடு வழங்கப்பட்டது. 2022 டிசம்பரில் ஒழுங்காற்று அமைப்புகள் விதித்த அபராதம் 4.865 கோடி பவுண்டு.

மாணவர் கவனிக்க வேண்டியது அபராதத் தொகையை அல்ல. புதிய தளம் இரண்டு தரவு மையங்களில் இயங்குவதாகத் திட்டமிடப்பட்டிருந்தது. சுமை தாங்கும் சோதனை அவற்றில் ஒன்றில் மட்டுமே நடத்தப்பட்டிருந்தது. இரண்டும் ஒரே மாதிரி அமைக்கப்பட்டிருக்கும் என்ற நம்பிக்கை பொய்த்தது. தளத்தை அமைத்துத் தந்த நிறுவனம் பல துணை ஒப்பந்ததாரர்களைச் சார்ந்திருந்தது. அவர்கள் அனைவரும் தயாராக இருக்கிறார்களா என்பதை வங்கி போதிய அளவு சரிபார்க்கவில்லை. எந்தப் பாடநூலிலும் இவை நிரல் பிழைகள் என்ற தலைப்பில் வரா. கேட்க வேண்டிய கேள்வியை உரியவரிடம் உரிய நாளில் கேட்காததன் விளைவுகள் இவை. அந்தக் கேள்விகளைக் கேட்கப் பழக்குவதுதான் இந்தப் பாடத்தின் நோக்கமாக இருக்க வேண்டும்.

இணைப்பில் நிகழும் பெரும் தவறுகள் கம்பியிலோ கருவியிலோ நிகழ்வதில்லை, பொருள்கொள்வதில் நிகழ்கின்றன. 1999 செப்டம்பரில் நாசாவின் செவ்வாய்ச் சுற்றுக்கலன் தொலைந்தது இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. ஒரு நிறுவனத்தின் மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அளவில் எழுதி அனுப்பியது. பெற்றுக்கொண்ட மென்பொருள் அதை நியூட்டன் அளவு என்று எடுத்துக்கொண்டது. கோப்பு ஒழுங்காகவே போய்ச் சேர்ந்தது. எண்ணின் பொருள் மட்டும் போகவில்லை.

அவ்வளவு தொலைவு போக வேண்டியதும் இல்லை. நம் பெயர்களே போதும். தமிழர் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தே உண்டு. பள்ளிச் சான்றிதழில் 'மு.கண்ணன்' என்றிருப்பவர், ஒரு படிவத்தில் 'கண்ணன் எம்' ஆவார். முதற்பெயர், கடைப்பெயர் என்று இரண்டு கட்டங்கள் வைத்திருக்கும் மற்றொரு படிவத்தில் 'கண்ணன் முருகேசன்' ஆவார். கடைப்பெயரை முன்னால் அச்சிடும் இன்னோர் அமைப்பில் 'முருகேசன் கண்ணன்' ஆகி, தன் தந்தையாகவே மாறிவிடுவார். மனிதர் ஒருவர்தான், கணினிக்கு அவர் நால்வர். வருங்கால வைப்பு நிதியைக் கோரும்போதும், நிரந்தரக் கணக்கு எண்ணையும் ஆதாரையும் இணைக்கும்போதும் 'பெயர் பொருந்தவில்லை' என்ற பதிலைக் கண்டு அலைந்தவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. படிவத்தை வடிவமைத்தவர் எந்தத் தவறும் செய்ததாக நினைத்திருக்க மாட்டார். பெயர் என்றால் இரண்டு பகுதிகள் இருக்கும் என்று அவருக்கு யாரோ கற்றுக்கொடுத்திருந்தார்கள், அவ்வளவே. ஒருங்கிணைப்பைக் கற்பிக்கும் தமிழ்நாட்டு ஆசிரியருக்கு இதைவிடச் சிறந்த முதல் பாடம் வேறெங்கும் கிடைக்காது.

அடுத்தது, பதில் வராத கேள்வி. தானியங்கிப் பண இயந்திரம் வங்கியிடம் அனுமதி கேட்கிறது; வங்கி கணக்கில் பணத்தைக் கழித்துவிட்டுச் சரி என்கிறது; அந்தச் 'சரி' வழியில் தொலைந்துவிடுகிறது. இயந்திரம் பணத்தைத் தரலாமா? மீண்டும் கேட்டால் இரண்டு முறை கழிக்கப்படுமே? ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி எண் தந்து, அதே எண் மறுபடி வந்தால் மறுபடி கழிக்காதிருப்பது, நிறைவேறாத பரிவர்த்தனையைத் திருப்பிவிடுவது, நாள் முடிவில் இருபுறக் கணக்கையும் ஒப்பிடுவது ஆகியவை இதற்கான விடைகள். வகுப்பறைத் திட்டப் பணியில் எல்லா அழைப்புகளுக்கும் பதில் வந்துவிடுவதால், இந்த விடைகளின் தேவையே மாணவருக்குத் தெரிவதில்லை. ரிசர்வ் வங்கிக்குத் தெரியும். 2019 செப்டம்பர் 20-ஆம் தேதியிட்ட அதன் சுற்றறிக்கை, பண இயந்திரத்தில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிக்கப்பட்டால், பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாள்களுக்குள் வங்கி தானாகவே திருப்பித் தர வேண்டும் என்கிறது; யுபிஐ வழியே ஒருவருக்கு அனுப்பிய பணம் போய்ச் சேராவிட்டால் ஒரே நாள்தான் அவகாசம். தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடிக்கையாளருக்கு நூறு ரூபாய். இணைப்பு அறுபடும் என்பதை ஏற்றுக்கொண்டு எழுதப்பட்ட விதி இது. கணினி அறிவியல் வகுப்பில் இந்தச் சுற்றறிக்கையைப் படிக்கச் சொல்லும் ஆசிரியர் எத்தனை பேர் என்று தெரியவில்லை.

தோல்விகளை மட்டுமே காட்டினால் மாணவர் அஞ்சிவிடுவார். வெற்றிக்கு நம் ரயில்வேயே சான்று. 1980-களின் நடுவில் தொடங்கிய கணினி முன்பதிவு தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என ஐந்து மையங்களில் தனித்தனியாக வளர்ந்தது. 1990-களின் இறுதிக்குள் அந்த ஐந்தும் வலையமைப்பில் இணைக்கப்பட்டன. சென்னையில் இருந்துகொண்டு தில்லியிலிருந்து புறப்படும் ரயிலுக்குப் பதிவு செய்ய முடிந்தது. 2002-இல் ஐஆர்சிடிசி இணையதளம் வந்தபோதும் பழைய முன்பதிவு அமைப்பு தூக்கியெறியப்படவில்லை; அதற்குப் புதிய வாசல் ஒன்று வைக்கப்பட்டது. தொடக்கத்தில் இணையத்தில் பதிவு செய்தவருக்கு அச்சிட்ட பயணச்சீட்டு கூரியரில் வீடு தேடி வந்ததை இன்றைய மாணவர் நம்ப மறுக்கலாம். படிப்படியாக மாற்றுவது என்றால் என்ன என்பதை விளக்க அந்தக் கூரியர் உறை போதும்.

சரி, இதை எப்படிக் கற்பிப்பது? குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தின் மென்பொருளில் சான்றிதழ் பெற வைப்பதையே பல கல்லூரிகள் விடையாகக் கருதுகின்றன. அது வேலைக்கு உதவலாம். ஆனால் வாகனம் ஓட்டக் கற்பது சாலை அமைக்கக் கற்பதாகாது. கருவிகளுக்குப் பெரும் பணம் வேண்டும் என்ற தயக்கமும் தேவையற்றது. மும்பையில் பிறந்த ஈஆர்பிநெக்ஸ்ட் உள்பட, நிறுவன மேலாண்மைக்கான திறந்தமூல மென்பொருள்கள் இருக்கின்றன; செய்தி பரிமாற்றத்துக்கு ரேபிட்எம்க்யூ, காஃப்கா போன்றவை விலையின்றிக் கிடைக்கின்றன.

செய்ய வேண்டியது, திட்டப் பணியின் விதியை மாற்றுவது. புதிதாக ஒன்றைக் கட்டச் சொல்லாமல், மூத்த மாணவர்கள் விட்டுச்சென்ற இரண்டு திட்டப் பணிகளை எடுத்து, இரண்டையும் நிறுத்தாமல், இணைக்கச் சொல்ல வேண்டும். எழுதியவர் ஊரில் இல்லை, ஆவணம் அரைகுறை, ஒன்றில் தேதி நாளில் தொடங்குகிறது, மற்றொன்றில் மாதத்தில். இந்த எரிச்சல் அனைத்தும் பாடத்தின் பகுதியே. நடுவில் ஒருநாள் ஆசிரியரே முன்னறிவிப்பின்றி ஓர் அமைப்பை நிறுத்திவிட வேண்டும்.

குழுவில் வணிகவியல் மாணவர் ஒருவரும் இருக்க வேண்டும். விற்பனை என்பது கேட்பாணை வந்த நாளிலா, சரக்கு அனுப்பிய நாளிலா, பணம் வந்த நாளிலா என்று அவர்தான் சண்டையிடுவார். அந்தச் சண்டைதான் கட்டமைப்புப் பணி. ஒரு நிறுவனம் உருவாக்கும் அமைப்பு, அதன் துறைகள் தமக்குள் பேசிக்கொள்ளும் விதத்தையே ஒத்திருக்கும் என்று மெல்வின் கான்வே 1968-லேயே எழுதினார். பேசாத இரு துறைகளின் கணினிகளும் பேசுவதில்லை. பொறியியல், வணிகவியல் மாணவர்களை ஒரே வகுப்பில் உட்கார வைக்கப் பாடத்திட்டக் குழுக்கள் காட்டும் தயக்கமே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பணியிலிருந்து ஓய்வுபெற்ற வங்கி, ரயில்வே, மின்வாரியக் கணினிப் பிரிவு அலுவலர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். பருவத்துக்கு நான்கு வகுப்புகள் எடுக்க அவர்களை அழைப்பதற்கு முனைவர் பட்டம் தடையாக இருக்கக் கூடாது.

ஆய்வகம் தேடியும் அலைய வேண்டாம். சேர்க்கைப் பிரிவு, கட்டணப் பிரிவு, விடுதி, நூலகம், தேர்வுப் பிரிவு என ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரே மாணவரின் விவரம் ஐந்து இடங்களில் ஐந்து விதமாக இருக்கிறது. விடுதிக் கட்டணம் செலுத்தியது தேர்வுப் பிரிவுக்குத் தெரியாமல் அனுமதிச் சீட்டு நிறுத்தப்படுவது பருவம்தோறும் நடக்கிறது. எந்தப் பிரிவிலிருந்து எந்தப் பிரிவுக்கு எந்தத் தகவல், யார் கையால், எத்தனை நாளில் போகிறது என்று ஒரு தாளில் வரையச் சொல்வது முதல் மாதத்துக்கான பயிற்சி. இதற்கு உண்மையான மாணவர் விவரங்களைத் தரக் கூடாது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை அறிமுகப்படுத்தவும் அதுவே தக்க இடம். கற்பனைப் பெயர்கள் கொண்ட ஒரு பட்டியலை ஆசிரியரே தயாரித்துக்கொள்ளலாம். அதில் முன்னால் முதலெழுத்து உள்ளவர், பின்னால் முதலெழுத்து உள்ளவர், இரண்டு முதலெழுத்து உள்ளவர், முதலெழுத்தே இல்லாதவர், திருமணத்துக்குப் பின் முதலெழுத்து மாறியவர் என அனைவரும் இருக்க வேண்டும்.