விலாசம் யாருடையது?

இந்தக் கருத்தரங்கில் எனக்கு முன் பேசியவர்கள் வங்கிக் கடன், வட்டி, ஊழியர் சேமநிதிப் பணம் என்று உங்களுக்கு உடனே பயன்படும் செய்திகளைச் சொல்லிவிட்டார்கள். எனக்குக் கொடுத்திருப்பது வரலாறு. வீட்டுத் தரகர் ஒருவர் உரிமம் வைத்திருக்கிறார். உரிமம் இல்லாத பத்துப் பேரை வெளியே அனுப்பி வியாபாரம் செய்கிறார். அந்தப் பத்துப் பேர் செய்வதற்கு யார் பொறுப்பு? இந்தக் கேள்வியின் வரலாற்றைத்தான் சொல்லப் போகிறேன்.

இது எங்கள் குடும்பத்துக்குள்ளேயே வந்த கேள்வி. என் தாய்மாமன் கிள்ளான் துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். 2009ஆம் ஆண்டு மகளுக்காகக் காப்பார் சாலைப் பக்கம் அடுக்குமாடி வீடு ஒன்றைப் பார்த்தார். காட்டியவன் நம் தமிழ்ப் பையன். கழுத்துப் பட்டையும் நல்ல பேச்சுமாக இருந்தான். "அங்கிள், இன்னொருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காரு, இன்னைக்கே புக்கிங் போட்டுடுங்க" என்றான். மாமா ஐயாயிரம் வெள்ளியை அவன் சொன்ன வங்கிக் கணக்கில் போட்டார். அது அவனுடைய சொந்தக் கணக்கு. ஒரு மாதம் கழித்துத்தான், வீட்டுக்காரருக்கு வீட்டை விற்கும் எண்ணமே இல்லை என்பது தெரிந்தது. பையனின் கைப்பேசி அணைந்து கிடந்தது. அலுவலகத்துக்குப் போனார். அங்கே சொன்ன பதில்: "அவர் எங்கள் ஊழியர் இல்லை ஐயா. சம்பளம் கொடுப்பதில்லை. கமிஷனுக்கு வந்து போகிறவர்."

அன்றிரவு மாமா என்னிடம் கேட்டார்: "பேரு அவங்க பேரு. பணம் போனா மட்டும் அவன் யாரோவா?"

சட்டப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன், கோலாலம்பூர் லெபோ அம்பாங் வரை ஒரு நடை போய் வரலாம். நூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே செட்டியார் கிட்டங்கிகள் வரிசையாக இருந்தன. முதலாளி காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருப்பார். இங்கே கடையை நடத்துபவர் ஏஜண்டு. பெரும்பாலும் மூன்று ஆண்டுத் தவணையில் வருவார். முதலாளி எழுதிக் கொடுத்த பவர் பத்திரம் அவர் கையில் இருக்கும். அவருக்குக் கீழே அடுத்தாள். அவருக்கும் கீழே பெட்டியடிப் பையன். ஈயச் சுரங்கக்காரரும் சிறு ரப்பர் தோட்டக்காரரும் நிலக் கிராண்டை அடமானம் வைத்துக் கடன் வாங்க வருவார்கள்.

கடைக்கு விலாசம் என்று ஒன்று உண்டு. இன்று நாம் தபாலில் எழுதும் விலாசம் அல்ல. முதலாளி குடும்பத்தின் பெயர்களிலிருந்து எடுத்த முதல் எழுத்துகளின் தொடர் அது. வெளியுலகுக்குக் கடையின் பெயரே அந்த எழுத்துகள்தான். ஏஜண்டு கையெழுத்துப் போட்டாலும் அந்த விலாசத்துக்காகத்தான் போடுகிறார். தவணை முடிந்து ஏஜண்டு ஊருக்குப் போவார், வேறொருவர் வருவார், விலாசம் மாறாது. பெட்டியடிப் பையனுக்கு என்ன பெயர் என்று கடன்காரர் கேட்டு வைத்திருக்கத் தேவையில்லை. அவன் வாங்கிய பணம் ஏட்டில் எந்த விலாசத்தின் பேரில் வரவானது என்பதுதான் கணக்கு.

செட்டியார் கடையைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. கிராண்டை அடமானம் வைத்து நிலத்தை இழந்தவர்களின் கதையும் அதே ஏட்டில்தான் இருக்கிறது. 1913ஆம் ஆண்டு மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் வந்ததற்கு, மலாய்க்காரர்களின் நிலம் வட்டிக் கடைக்காரர்கள் கைக்குப் போகிறதே என்ற கவலையும் ஒரு காரணம். நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. பட்டம் இல்லாதவன், பத்திரம் இல்லாதவன், வயதில் சின்னவன் வேலைக்கு இருப்பது அந்த ஏற்பாட்டில் தவறே இல்லை. அவன் பின்னால் ஒரு விலாசம் நின்றது.

இதே சமயத்தில் இங்கிலாந்தில் ஒரு வழக்கு நடந்தது. லிவர்பூல் நகரில் கிரேஸ் ஸ்மித் என்ற வழக்கறிஞர் நிறுவனம். எமிலி லாயிட் என்ற விதவை, தனக்கிருந்த இரண்டு சிறு வீடுகளையும் ஓர் அடமானக் கடனையும் பற்றி ஆலோசனை கேட்கப் போனார். அவரைக் கவனித்தவர் வழக்கறிஞர் அல்லர். நிறுவனத்தின் நிர்வாகக் குமாஸ்தா. விற்பதற்குத் தேவை என்று சொல்லி இரண்டு தாள்களில் கையெழுத்து வாங்கினார். அந்தத் தாள்கள் சொத்தைக் குமாஸ்தாவின் பெயருக்கே மாற்றும் பத்திரங்கள். அவர் பணத்தை எடுத்துக்கொண்டார். நிறுவன உரிமையாளருக்கு இது தெரியாது. ஒரு காசு லாபமும் இல்லை. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதையே காரணமாக வைத்து உரிமையாளரை விட்டுவிட்டது. ஆனால் 1912ஆம் ஆண்டு பிரபுக்கள் சபை அந்தத் தீர்ப்பை மாற்றியது. குமாஸ்தாவை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது நிறுவனம். அந்த அம்மாள் நம்பிப் போனது நிறுவனத்தை. ஆகவே மோசடி குமாஸ்தாவின் சொந்த லாபத்துக்காக நடந்திருந்தாலும் நிறுவனம்தான் பதில் சொல்ல வேண்டும் என்றது.

நம் நாட்டுச் சட்டமும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், இந்தியாவின் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தை அடியொற்றி எழுதப்பட்டது. அதன் கடைசி இரண்டு பிரிவுகள் 190, 191. ஒருவருக்கு அதிகாரம் இருப்பதாக மற்றவர் நம்பும்படி நீங்கள் நடந்துகொண்டால், அவர் அதிகாரத்தை மீறிச் செய்ததும் உங்களைக் கட்டும் என்கிறது 190. முகவர் தன் வேலையைச் செய்யும்போது சொன்ன பொய்யும் செய்த மோசடியும், அந்த ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை முதல்வரே செய்ததுபோல் ஆகும் என்கிறது 191. மாமாவின் கேள்விக்கான பதில் அவர் சிறுவனாக இருந்தபோதே எழுதப்பட்டுவிட்டது. கிள்ளானுக்கு வந்து சேரத்தான் நேரமானது.

நடுவில் ஒரு காலம் இருந்தது. அதைத் தோட்டப்புறத்தில் பிறந்தவர்கள் மறக்க மாட்டார்கள். 1950களில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று பெயர். நிலம் கைமாறியபோது லயத்தில் இருந்தவர்கள் வேலையையும் வீட்டையும் சேர்த்தே இழந்தார்கள். 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளி சேர்த்துத் தோட்டங்களை வாங்க முனைந்தது இந்த வலியிலிருந்துதான். அந்த நாள்களில் நிலத் தரகருக்கு உரிமமும் கிடையாது, பரீட்சையும் கிடையாது. கோப்பிக்கடை மேசைதான் அலுவலகம். பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலாம் என்று வீடமைப்பு பெருகியபோதும் அந்த மேசை அப்படியே இருந்தது.

1981ஆம் ஆண்டின் 242ஆம் சட்டமும், எண்பதுகளில் தரகர்களை அதற்குள் கொண்டுவந்த திருத்தமும், 1986ஆம் ஆண்டு விதிகளும் இதை மாற்றின. வாரியத்தில் பதிவு பெற்றவர் மட்டுமே சொத்து முகவராகத் தொழில் செய்யலாம். படிப்பு வேண்டும், பயிற்சிக் காலம் வேண்டும், தேர்வு வேண்டும். வாங்குபவர் கொடுக்கும் முன்பணத்தை நிறுவனம் தனி வாடிக்கையாளர் கணக்கில் வைக்க வேண்டும். உரிமம் இல்லாமல் தொழில் செய்தால் மூன்று லட்சம் வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது இன்றைய சட்டம்.

ஆனால் பதிவு பெற்றவர்கள் கொஞ்சம் பேர். விற்க வேண்டிய வீடுகளோ ஏராளம். ஆகவே ஒரு பதிவு பெற்றவரின் பெயரில் நெகோஷியேட்டர் எனப்படும் விற்பனைப் பிரதிநிதிகள் பலர் ஓடினார்கள். அவர்கள் யார், எத்தனை பேர், இன்று எந்த நிறுவனம், நாளை எந்த நிறுவனம் என்பதை வெளியாள் சரிபார்க்க வழி இருக்கவில்லை. என் மாமா விழுந்தது இந்த ஓட்டையில்தான். 2014இல்தான் வாரியம் அவர்களைக் கணக்கில் எடுத்தது. இரண்டு நாள் பயிற்சி, ரென் எண், கழுத்தில் சிவப்பு அட்டை. ஒரு நேரத்தில் ஒரே நிறுவனம்.

அந்தச் சிவப்பு அட்டையைப் பலர் உரிமம் என்றே நினைக்கிறார்கள். அது உரிமம் அன்று. இன்னொருவரின் உரிமத்தின் கீழ் இவர் நிற்கிறார் என்பதற்கான அடையாளம். இரண்டு நாளில் யாரும் நிலச் சட்டத்தைக் கற்றுவிட முடியாது. கற்றவர் பக்கத்தில் இருந்து கவனிப்பார் என்ற நம்பிக்கையில்தான் இரண்டு நாள் போதும் என்று வைத்திருக்கிறார்கள். அவர் கவனிக்கிறாரா? பெயர்ப்பலகையில் மட்டும் இருந்துகொண்டு, கையெழுத்துப் போட மாதம் ஒருமுறை வந்து போகும் மூத்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். உரிமத்தை வாடகைக்கு விடுவது என்று இதற்கு நான் பெயர் வைத்திருக்கிறேன். விற்பனைத் தரகு அதிகபட்சம் 3 விழுக்காடு. அதில் நிறுவனத்தின் பங்கை வாங்கும்போது 'எங்கள் ஆள்', புகார் வரும்போது 'வந்து போகிறவர்' என்றால், லெபோ அம்பாங் பெட்டியடிப் பையனே சிரிப்பான்.

பிரிக்பீல்ட்ஸ் பகுதியைப் பாருங்கள். 2001இல் கே.எல். சென்ட்ரல் நிலையம் திறந்தது. 2010இல் லிட்டல் இந்தியா வந்தது. ரயில்வே ஊழியர்கள் வாழ்ந்த நூறு குவார்ட்டர்ஸ் போயே போய்விட்டது. அறை வாடகைக்கு என்று தூண்களில் ஒட்டிய தாளில் ஒரு கைப்பேசி எண் மட்டும் இருக்கும். நிறுவனத்தின் பெயரும் இருக்காது, பதிவு எண்ணும் இருக்காது.

மாமாவின் பணம் என்ன ஆயிற்று என்று இடைவேளையில் ஒரு சகோதரி கேட்டார். திரும்பக் கிடைத்தது, மூன்று தவணைகளில். எங்களுக்கு உதவியது அந்தப் பையன் கொடுத்த பெயர் அட்டை. நிறுவனத்தின் பெயரும் முகவரியும் கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தன. பையனின் பெயர் மட்டும் பேனாவால் எழுதப்பட்டிருந்தது. நண்பரான வழக்கறிஞர் அதன் நகலை இணைத்து ஒரு கடிதம் அனுப்பினார். 'இந்த அட்டையை அச்சடித்தது யார்?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். அட்டையில் நிறுவனத்தின் பெயர் இல்லாமல் இருந்திருந்தால், போலீஸ் புகார் செய்துவிட்டுக் காத்திருப்பதைத் தவிர எங்களுக்கு வேறு வழி இருந்திருக்காது.

அதே சகோதரியின் இரண்டாவது கேள்வி: வீடமைப்பு நிறுவனத்தின் சொந்த விற்பனை ஊழியருக்கும் சிவப்பு அட்டை வேண்டுமா? வேண்டாம். அவர்கள் விற்பது தங்கள் முதலாளியின் வீட்டை. அந்த முதலாளி 1966ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டத்தின் கீழ் உரிமமும் விளம்பர அனுமதியும் வாங்கியிருக்க வேண்டும். அந்த எண்கள் விற்பனை விளம்பரத் தாளின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். மூக்குக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு போங்கள். நெறியாளர் கைகாட்டுகிறார்.